எனக்கு முன்னால் ஒரு முழம் கயிறு

எனக்கு மூக்கு நுனியில கோபம். எங்கட கடற்கரையில அது தெரியாத ஆள் இல்லை. கோயில் மணி கேக்காத வீட்டுக்கும் என்ர சத்தம் கேக்கும் எண்டு என்ர மனுசன் பகிடி விடுறவர். அதை முதலே சொல்லிப்போடுறன். இந்தக் கதையில பிழை விட்டது ஆர் எண்டு நீங்கள் கடைசி மட்டும் தேடித் திரியத் தேவையில்லை. நான்தான்.

என்ர மச்சாள் எங்கட வளவை விட்டுப் போய் ரெண்டு வருசத்துக்கு மேலாகுது. அவள் திரும்பி வரவேணும். கரையில எனக்கு முன்னால வந்து கயித்தைப் பிடிக்கவேணும். அதைவிட வேறை ஆசை இப்ப எனக்கு ஒண்டும் இல்லை.

மச்சாள் எண்டால் என்ர தம்பியின்ர மனுசி. தம்பி மேசன் வேலைக்கு எண்டு வவுனியாவுக்குப் போனவன், போன இடத்தில வேறை ஒருத்தியோட குடும்பமாகிட்டான். அந்தக் கதை வந்த அண்டைக்கு இவள் ஒரு நாள் முழுக்கக் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டிருந்தாள். தோய்ச்சதையே திரும்பத் திரும்பத் தோய்ச்சாள். அவளுக்குப் பூநகரியில தாய் வீடு இருக்குது, போயிருக்கலாம். போகேல்லை. "மச்சாள், நான் உங்களோடயே நிக்கட்டோ?" எண்டு கேட்டாள். "இது உன்ர வீடு, ஆர் உன்னைப் போகச் சொன்னது?" எண்டு கத்தினன். பாசத்தையும் நான் கத்தித்தான் சொல்லுவன், என்ன செய்ய. பேந்து எங்களுக்கு ஒரே குசினி, ஒரே அடுப்பு. அவள் தேங்காய் திருவ நான் மீன் வெட்டுவன். அவள் கதைக்கிறது குறைவு. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே கதைச்சுப்போடுவன்.

நாங்கள் ரெண்டு பேரும் கரைவலை இழுக்கிறனாங்கள். பொம்பிளையள் கரைவலை இழுக்கிறதோ எண்டு கேப்பியள். சண்டை முடிஞ்சு மீள்குடியேறி வந்த நேரம் எங்கட கரையில ஆம்பிளையள் காணாது. வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி எண்டு சொல்லுவம், அவர் ஒரு நாள் விடிய வந்து, "பிள்ளையள், ஒருக்காக் கை குடுங்கோ" எண்டார். குடுத்த கையை நாங்கள் பேந்து எடுக்கேல்லை.

கரைவலை இழுக்கிறது எப்பிடி எண்டு சொல்லவேணும். இல்லாட்டி மச்சாள் செய்தது உங்களுக்கு விளங்காது. வள்ளம் வலையைக் கடலுக்குள்ள அரைவட்டமா வளைச்சுப் போட்டிட்டு வரும். வலையின்ர ரெண்டு தலைப்பிலயும் ரெண்டு நீளக் கயிறு, ஒவ்வொரு கயித்துக்கும் ஒரு கூட்டம். கடலைப் பாத்தபடி கயித்தைப் பிடிச்சுக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து பின்னால பின்னால நடக்கவேணும். மேட்டில ஒரு கட்டை நட்டிருக்கும். வரிசையில கடைசியா நிக்கிற ஆளின்ர முதுகு அந்தக் கட்டையில முட்டினால், அந்த ஆள் கயித்தை விட்டிட்டு, வரிசைக்குப் பக்கத்தால இறங்கிப் போய், தண்ணிக் கரையில முதல் ஆளாய்த் திரும்பப் பிடிக்கவேணும். பேந்து அடுத்த ஆளின்ர முதுகு முட்டும். அவர் வந்து முதல் ஆளுக்கு முன்னால பிடிப்பார். இப்பிடியே சுத்திச் சுத்தி, வலை கரைக்கு வாற மட்டும். எனக்கு அடுத்த முறை எப்பவும் மச்சாளின்ர. நான் தண்ணிக்குள்ள கால் வைச்சுக் கயித்தைப் பிடிச்சுக் கொஞ்ச நேரத்தால, பக்கத்தால அவள் வந்து எனக்கு முன்னால பிடிப்பாள். அவளின்ர பின்னல், அவளின்ர ஈரச் சட்டை முதுகு, அதைப் பாத்துக்கொண்டுதான் எத்தினையோ வருசம் நான் பின்னால நடந்தனான்.

பெண்கள் தினத்துக்கு எங்கட மாவட்டத்து, பக்கத்து மாவட்டத்து மாதர் சங்கங்களைக் கூப்பிட்டு ஒரு விளையாட்டுப் போட்டி வைச்சவை. கயிறிழுத்தலுக்குப் பேர் குடுக்கச் சொல்லிக் கேட்ட உடன நான் கையைத் தூக்கிட்டன். கடலையே இழுக்கிறனாங்கள், எங்களை எவள் இழுக்கிறது? எட்டுப் பேர். வாய் பெரிசு எண்டு நான் முன்னுக்கு. பலம் கூட எண்டு மச்சாள் கடைசியில. பழகிப் பாக்கவேணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. அந்தப் போட்டியில என்ன முறை, என்ன சட்டம், கடைசி ஆள் கயித்தை எப்பிடிப் பிடிக்கவேணும் எண்டு ஒருத்தரிட்டையும் கேக்கவும் இல்லை. நான் கேட்டதெல்லாம் கப் எவ்வளவு பெரிசு எண்டுதான்.

கடைசிப் போட்டி வரைக்கும் வந்திட்டம். எதிர்ப் பக்கம் தர்மபுரம் பக்கத்துப் பெண்டுகள். அவையின்ர பாட்டன் பூட்டன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில வேலை செய்தவை. இவை இஞ்ச கச்சான் எண்டு நாங்கள் சொல்லுற நிலக்கடலையும் மிளகாயும் செய்யிறவை. எங்கட ஆக்கள் அவையைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறவை எண்டு எனக்குத் தெரியும். நானும் அப்பிடிக் கதைச்சனான்தான், இப்ப ஒளிச்சு என்ன? "உவையள் எங்களை வெல்லுறதோ" எண்டு அண்டைக்கும் சொன்னனான்.

முதல் தரம் நாங்கள் வெண்டம். ரெண்டாந் தரம் அவை. மூண்டாந் தரம் கயிறு எங்கட பக்கம் வருது, வருது. நடுவில கட்டின சிவப்புத் துணி எங்கட கோட்டுக்குக் கிட்ட வந்திட்டுது. எங்கட வரிசைக்குப் பின்னால மைதானத்து ஓரத்தில ஒரு கொடிக்கட்டை நட்டிருந்தது. மச்சாளின்ர முதுகு அதில முட்டினது.

முதுகு கட்டையில முட்டினால் எங்கட ஆக்களின்ர கை என்ன செய்யும்? விட்டிட்டாள். விட்டிட்டு, வரிசைக்குப் பக்கத்தால விறுவிறெண்டு நடந்து வந்து, எனக்கு முன்னால, அந்தச் சிவப்புத் துணிக்குக் கிட்டக் கயித்தைப் பிடிச்சாள். பிடிச்சு ஒரு அடி பின்னாலயும் வைச்சாள். அதுக்குள்ள கயிறு போயிட்டுது. நாங்கள் எட்டுப் பேரும் முகங்குப்புற மண்ணில. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. ஒலிபெருக்கியில ஒருத்தன், "அக்கா, கடல் அந்தப் பக்கம் இல்லை!" எண்டு சொல்ல, இன்னும் சிரிப்பு.

நான் எழும்பினன். வாய்க்குள்ள மண். அந்த மண்ணைத் துப்பிப்போட்டு, அத்தனை சனத்துக்கு முன்னாலயும் அவளைப் பாத்துச் சொன்னன். "புருசனையே பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாதவளிட்டைக் கயித்தைக் குடுத்தனே, என்னைச் செருப்பால அடிக்கவேணும்!"

அவள் வாய் திறக்கப் போன மாதிரி இருந்தது. நான் கையைக் காட்டி, "கதையாதை!" எண்டன். அவள் மூடிட்டாள்.

ரெண்டாம் பரிசு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அவளுக்குக் கிடைச்சது பச்சை. பஸ்ஸில எல்லாரோடயும் ஒண்டாத்தான் வந்தாள், வாளியை மடியில வைச்சுக்கொண்டு. வீட்டை வந்து அதைக் கிணத்தடியில கவிட்டு வைச்சாள். அடுத்த நாள் காலமை முதல் பஸ்ஸுக்கு ஒரு பையோட வெளிக்கிட்டிட்டாள். வாசலில நிண்டு, "மச்சாள், அடுப்பில பால் இருக்கு, பொங்கிப்போடும், பாத்துக்கொள்ளுங்கோ" எண்டாள். நான் திரும்பிப் பாக்கேல்லை. எனக்கு அப்பவும் கோபம். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துப்பட்டுது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள ஏலாது. சின்னப் பிள்ளையில இருந்து கேட்டுக்கொண்டு வந்த வாக்குத்தான். காதில கேட்டது, மண்டையில ஏறேல்லை. ஒரு கிழமை போக, கரையில எனக்கு முன்னால வேறை ஒருத்தி வந்து பிடிக்க, அப்பத்தான் எனக்கு அந்த வாக்கு விளங்கினது. எண்டாலும் போய்க் கூட்டிக்கொண்டு வாற மனம் வரேல்லை. மன்னிப்புக் கேக்கிறதுக்கும் எனக்கு ஒரு வீறாப்பு வேணும். அடுத்த வருசம் கப்பை அடிச்சு, அதைக் கொண்டுபோய் அவளின்ர கையில குடுத்து, "இது உனக்குத்தான், வா வீட்டை" எண்டு சொல்லுறது. இதுதான் என்ர திட்டம். வெறுங்கையோட எந்த முகத்தோட போறது எண்டு நினைச்சன். ஒரு வருசம் முழுக்க அப்பிடி நினைச்சுக்கொண்டே இருந்திட்டன், விசரி.

அடுத்த வருசம் முதல் சுற்றிலயே வெளிய. கத்தினன் எண்டால் கத்தினன், தொண்டை கட்டுற அளவுக்குக் கத்தினன். கத்தக் கத்த எங்கட பெண்டுகள் கால் தடுமாறி ஒருத்தியை ஒருத்தி மிதிச்சுக்கொண்டு விழுந்ததுதான் மிச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். நானும் மைதானம் சரிவு, கயிறு வழுக்கல், விசில் ஊதினவனுக்குக் கண் தெரியாது எண்டு எல்லாத்தையும் பேசிக்கொண்டு பஸ் வாற இடத்தில குந்தியிருந்தன்.

அப்ப ஒரு பொம்பிளை பக்கத்தில வந்து இருந்தா. என்ர வயசுதான் இருக்கும். தர்மபுரம் பக்கத்துக் குழுவுக்குத் தலைவி. அண்டைக்கும் கப் அவையளுக்குத்தான். ஆனால் கப்பைக் கொண்டு திரியிறது வேறை ஆரோ, இவவின்ர கையில அவிச்ச கச்சான் பை ஒண்டுதான். எனக்கு ஒரு கை அள்ளித் தந்தா. அதில இருந்து நான் அவவுக்கு வைச்ச பேர் கச்சான்காரி.

"போன வருசம் கடைசில நின்ன அக்கா எங்க? வரலியா?" எண்டு கேட்டா.

"வரேல்லை" எண்டன்.

"அவங்க நல்லா இழுத்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் தோள்பட்டையே கழண்டிருச்சு." கொஞ்ச நேரம் கச்சான் கோதைத் துப்பினா. "சனிக்கிழம பின்னேரம் நாங்க பழகுவோம். வாங்களேன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உவை எனக்குப் பழக்குறதோ? வீட்டை வந்து ஒரு மாதம் அதையே நினைச்சுப் புகைஞ்சன். பேந்து போனன். பழகப் போகேல்லை, உண்மையைச் சொல்லுறன். அவையின்ர வித்தையைக் களவெடுத்து அவையையே வெல்லத்தான் போனனான்.

அங்க பாத்தால் வித்தையும் இல்லை, ஒண்டும் இல்லை. கச்சான் தோட்டத்துக்குப் பக்கத்தில வேலி, வேலிக்கு இஞ்சால ஒரு பெரிய வேப்பமரம். கயித்தின்ர ஒரு தலைப்பை மரத்தில கட்டிப்போட்டு மற்றத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கினம். "மரத்தை ஆர் வெல்லுறது?" எண்டு நக்கலாக் கேட்டன்.

"வெல்ல இல்லக்கா, நிக்க" எண்டா கச்சான்காரி. "நீங்க நடக்குறீங்க. அதான் வுழுறீங்க. குதிகால ஊனி நிக்கப் பழகுங்க."

நிக்கிறது எவ்வளவு கஸ்ரம் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. கயிறு கையில வந்த உடன என்ர கால் தன்பாட்டில பின்னால நடக்கத் துடிக்குது. மூண்டு சனிக்கிழமை நிக்க மட்டும் பழகினன். நாலாஞ் சனிக்கிழமை, கடைசி ஆள் கயித்தைப் போடுற முறையைச் சொல்லித் தந்தா. கக்கத்துக்குக் கீழால எடுத்து, முதுகுக்குக் குறுக்கால போட்டு, மற்றத் தோளுக்கு மேலால முன்னுக்குக் கொண்டு வந்து பிடிக்கிறது. எவ்வளவு சின்ன விசயம். இதைத் தெரியாமலோ அவளை அங்க நிப்பாட்டி வைச்சனான் எண்டு ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நான் மிதிச்சு உள்ளுக்குத் தள்ளிப்போட்டன்.

அவையளிட்டை இன்னொரு பழக்கம் இருந்தது. ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு இழுப்பினம். ஒவ்வொரு தரமும் முடிய எல்லாரும் அப்பிடியே நிலத்தில இருந்திடுவினம். ஆர் வெண்டது எண்டு கதை இல்லை. "எங்க வழுக்குச்சு?" இதுதான் கேள்வி. விழுந்த பக்கம்தான் முதல் கதைக்கவேணும். அவை சொல்லி முடிக்கும் மட்டும் மற்றப் பக்கம் வாய் திறக்கக் கூடாது. பேந்து வெண்ட பக்கத்தில ஒருத்தி, "எனக்கும் இடது கால் போச்சுக்கா, நீங்க பாக்கல" எண்டு தன்ர பிழையைச் சொல்லுவாள். இதென்ன கூத்து, வெண்டவளும் பிழை சொல்லுறாள் எண்டு எனக்குச் சிரிப்பு.

ஒரு நாள் என்னைக் கடைசி ஆளா விட்டவை. கயித்தைத் தோளால போட மறந்து கையால மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். எங்கட பக்கம் வெல்லுது. ஒரு அடி, ரெண்டு அடி, பின்னால போறம். வேலியில நட்டிருந்த கதியால் கம்பு ஒண்டு என்ர முதுகில முட்டினது.

நான் பாக்கேக்க, நான் வரிசைக்குப் பக்கத்தால நடந்துகொண்டிருக்கிறன். கையில கயிறு இல்லை. எப்ப விட்டனான் எண்டு எனக்கே தெரியாது. பின்னால தொபு தொபு எண்டு ஆக்கள் விழுற சத்தம். நான் வெறுங்கையோட, முன்னுக்குப் போய்ப் பிடிக்கிறதுக்கு, நாலு அடி வந்திட்டன்.

ஐயோ மாதாவே. அந்த இடத்திலயே குந்திட்டன்.

ஒருத்தரும் சிரிக்கேல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எல்லாரும் சுத்தி வந்து இருந்தவை. கச்சான்காரி, "எங்க வழுக்குச்சுக்கா?" எண்டா. விழுந்த ஆள்தான் முதல் கதைக்கவேணும். அத்தனை பேரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கினம். நான் வாய் திறந்தன், அழுகைதான் வந்தது. பேந்து எல்லாத்தையும் சொன்னன். கரைவலை, கட்டை, முதுகு முட்டினால் விடுறது, மச்சாள், நான் சொன்ன சொல்லு. அவள் வாய் திறக்க வந்ததையும், நான் கையைக் காட்டினதையும் சொன்னன்.

கச்சான்காரி என்ர முதுகில ஒட்டின வேலித் தூசியைத் தட்டிவிட்டா. "அப்ப அந்த அக்கா தப்பே செய்யலியே. வேலதான செஞ்சாங்க" எண்டா. பேந்து, "அந்த வலைய எங்களுக்கும் காட்டுவீங்களா?" எண்டு கேட்டா.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, ஒன்பது பேர் எங்கட கரைக்கு வந்து இறங்கினவை. கடல் தண்ணி காலில பட்டதுக்கே அவையின்ர கூச்சல் தாங்கேலாது. சம்மாட்டி கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டு விலகி நிண்டார். எங்கட பெண்டுகள் பழக்கினவை: நிக்காதேங்கோ, நடவுங்கோ, முட்டினால் விடுங்கோ. நிண்டு பழகின அவையளுக்கு நடக்க வரேல்லை. கையை விடச் சொன்னால் விடமாட்டினம். ஒருத்தி கட்டையில முதுகு முட்டி நிண்டுகொண்டு, "வுட்டா தோத்துருவோமேக்கா!" எண்டு கத்தினாள். கரை முழுக்கச் சிரிச்சது. அண்டைக்கு மைதானத்தில சிரிச்ச மாதிரி இல்லை, இது வேறை சிரிப்பு.

கச்சான்காரி தூரத்தில மற்றக் கயித்தை இழுத்த கூட்டத்தைப் பாத்திட்டு, "எதிர்ப் பக்கம் யாருக்கா?" எண்டு கேட்டா.

"அதுவும் நாங்கள்தான். வலை கிட்ட வர ரெண்டு பக்கமும் ஒண்டாயிடும்."

"அப்ப யாரு ஜெயிக்கிறது?"

"மீன் வந்தால் எல்லாருக்கும் கறி. வராட்டி எல்லாருக்கும் சம்பல்."

அதுக்குப் பேந்துதான் அது நடந்தது. என்ர முதுகு முட்ட, நான் விட்டிட்டுப் போய்த் தண்ணிக் கரையில பிடிச்சன். எனக்கு அடுத்ததாக் கச்சான்காரி வந்து, பழக்கின மாதிரியே, எனக்கு முன்னால கயித்தைப் பிடிச்சா. "அதில பிடியாதேங்கோ! அது என்ர மச்சாளின்ர இடம்!" எண்டு நான் கத்திட்டன். எங்க இருந்து வந்த சத்தம் எண்டு எனக்கே தெரியேல்லை. ஒரு வருசத்துக்கு மேலா ஆர் ஆரோ வந்து பிடிச்ச இடம், அண்டைக்குத்தான் எனக்குத் தாங்கேலாமல் போச்சுது. அவா மெல்லக் கையை எடுத்து, ஒரு முழம் தள்ளிப் பிடிச்சா. திரும்பிப் பாக்காமலே சொன்னா: "அப்ப போய் அவங்ககிட்ட சொல்லுங்கக்கா. கயித்துக்கிட்ட சொல்லி என்ன?"

அந்தக் கிழமையே பூநகரிக்கு வெளிக்கிட்டன். கப் இல்லை. கிணத்தடியில கவிண்டபடி கிடந்த அந்தப் பச்சை வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டன். பரந்தனில இறங்கி மற்ற பஸ்ஸுக்குக் காத்து நிண்டால், அது வாற நேரத்துக்குத்தான் வரும். வாளியைக் கவிட்டு வைச்சு அதுக்கு மேலயே குந்தியிருந்தன். பஸ்ஸுக்குள்ள இருக்கேக்க, என்ன சொல்லுறது எண்டு நூறு தரம் மனப்பாடம் பண்ணினன்.

அவள் வீட்டு முத்தத்தில நண்டு வலையில சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னலை வெட்டிப்போட்டாள். மெலிஞ்சுபோனாள். என்னைக் கண்டிட்டு எழும்பினாள். "வாங்கோ மச்சாள்" எண்டாள், நேத்துத்தான் கண்ட மாதிரி. கதிரை கொண்டு வந்து போட்டாள். நான் கதிரையில இருக்கேல்லை, அவளுக்கு முன்னால நிலத்தில இருந்தன். மனப்பாடம் பண்ணினது ஒண்டும் வரேல்லை. கச்சான் தோட்டத்துப் பெண்டுகளின்ர வழக்கத்தைத்தான் சொன்னன். விழுந்த ஆள் முதல் கதைக்கவேணும், மற்ற ஆக்கள் வாய் திறக்கக் கூடாது. "அண்டைக்கு உன்னைக் கதைக்க விடேல்லை. இப்ப கதை. நான் வாயே திறக்கமாட்டன்."

அவள் வலைச் சிக்கையே பாத்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். என்ர வாழ்க்கையில அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை.

"முதுகு முட்டினது மச்சாள்" எண்டாள் கடைசியில. "அவ்வளவுதான். அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான்." ஒரு சிக்கை அவிட்டுப்போட்டு, "கயித்தில விழுந்தது நான். மற்றதில விழுந்தது நீங்கள். அதை நீங்கள்தான் கதைக்கவேணும்."

கதைச்சன். விட்டிட்டுப் போனது நீ இல்லை, என்ர தம்பி எண்டன். அவனை வளர்த்த வெக்கம் எங்கட, அந்த வெக்கத்தைத் தூக்கி உன்ர தலையில போட்டனான் எண்டன். எனக்கும் முதுகு முட்டினது, நானும் விட்டனான், விட்டது கூடத் தெரியாமல் நடந்தனான் எண்டும் சொன்னன். அதைக் கேட்க அவள் நிமிந்தாள்.

"விட்டனீங்களோ? பேந்து?"

"முன்னுக்கு நடந்தன்."

"எவ்வளவு தூரம்?"

"நாலு அடி."

அவள் சிரிச்சாள். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி வந்தது. பேந்து அது சிரிப்பு இல்லை. நான் அவளின்ர கையைப் பிடிக்கப் போனன். அவள் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவையிட்டை என்ன பழகினனீங்கள் எண்டு கேட்டாள். முத்தத்து வேம்பில உடுப்புக் காயப்போடுற கயிறு கட்டிக் கிடந்தது. அதின்ர ஒரு தலைப்பை அவிட்டு, கடைசி ஆள் போடுற மாதிரி அவளுக்குப் போட்டுக் காட்டினன். கக்கத்துக்குக் கீழால, முதுகுக்குக் குறுக்கால, தோளுக்கு மேலால. "இப்ப சாய்" எண்டன். குதிகாலை ஊண்டிச் சாய்ஞ்சாள். மரம் இழுத்தது, கயிறு அவளை நெருக்கிப் பிடிச்சது. அவள் மெதுவா ஒரு கையின்ர பிடியைத் தளர்த்திப் பாத்தாள், மற்றக் கையையும் தளர்த்திப் பாத்தாள். கயிறு வழுகேல்லை. திரும்பத் தளர்த்திப் பாத்தாள். அப்பவும் வழுகேல்லை.

"இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லையே, மச்சாள்" எண்டாள்.

கோபமாச் சொல்லேல்லை. கடையில சாமான் இல்லை எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னாள். அவள் என்னை அடிச்சிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அண்டைக்கு நண்டுக் கறியும் சோறும் போட்டாள். நான் கேட்டன், வா வீட்டை எண்டு. இப்ப இஞ்ச நண்டு கழுவுற இடத்தில வேலை, தாய்க்கும் ஏலாது எண்டாள். "வரமாட்டன் எண்டு சொல்லேல்லை மச்சாள். கேக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன்." பச்சை வாளியை வாங்கிப் பாத்திட்டு, "இது நல்ல வாளி" எண்டு கிணத்தடிக்குக் கொண்டுபோனாள். பஸ் மட்டும் கூட வந்தாள். பஸ் திரும்பேக்க பாத்தன், கையாட்டேல்லை, ஆனால் போகவும் இல்லை, நிண்டுகொண்டிருந்தாள்.

இந்த வருசப் போட்டியில கச்சான்காரியின்ர ஆக்களோட கடைசிச் சுற்றில இழுத்தம். நான் கடைசி ஆள். முதல் தரம் நாங்கள், ரெண்டாந் தரம் அவை, மூண்டாந் தரமும் அவைதான். என்ர தோள் உரிஞ்சுபோச்சுது, ஆனால் விடேல்லை. முடிய ரெண்டு பக்கமும் அந்த மைதானத்து நடுவிலயே இருந்திட்டம். ஒலிபெருக்கிக்காரன் பரிசுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான். நாங்கள் விழுந்தனாங்கள், நாங்கள்தான் முதல் கதைச்சம். எனக்கு நீல வாளி கிடைச்சது. பஸ்ஸுக்குள்ள இருந்து மச்சாளுக்குப் போன் எடுத்தன்.

"தோளால போட்டனீங்களோ?" எண்டுதான் முதல் கேட்டாள்.

"ஓம்."

"முதுகு முட்டினதோ?"

"முட்டினது. விடேல்லை."

"அப்ப பழகிட்டியள்" எண்டாள். வெண்டதோ தோத்ததோ எண்டு அவள் கேக்கேல்லை, எனக்கும் சொல்ல ஞாபகம் வரேல்லை. எப்ப வாறாய் எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்திட்டுது. கேக்கக் கூடாது எண்டு சொன்னவள். கேக்காமல் வைச்சிட்டன். அந்த ஒரு கேள்வியை விழுங்க நான் பட்ட பாடு, எட்டுப் பேரை இழுத்ததை விடக் கஸ்ரம்.

இண்டைக்கும் விடிய வலை வளைச்சது. என்ர முதுகு கட்டையில முட்ட, கயித்தை விட்டிட்டு, வெறுங்கையோட பக்கத்தால இறங்கிப் போனன். அந்த இருவது முப்பது அடிதான் எனக்கு ஒரு நாளில ஆகப் பெரிய தூரம். போகேக்க ஒருக்கா றோட்டைத் திரும்பிப் பாப்பன். காலமை பஸ் வந்திட்டுதோ எண்டு பாப்பன். பேந்து தண்ணிக்குள்ள கால் வைச்சுக் கயித்தைப் பிடிப்பன். எனக்கு அடுத்து வாறவள் இப்ப கேக்கிறதில்லை, தானாவே ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்கிறாள். எனக்கு முன்னால அந்த ஒரு முழம் ஈரக் கயிறு ஒருத்தரின்ர கையும் இல்லாமல் இருக்கும். அதைப் பாத்துக்கொண்டுதான் நான் பின்னால நடக்கிறன்.